பதிவில் இல்லாத இரைச்சல்

எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் மேல் வீட்டில் இருக்கும் அக்கா, பல வருடங்கள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்த்தவர். ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் போன் போய் விழும் இடம் அது. காதில் ஹெட்ஃபோன், எதிரே கணினி. கூப்பிடுகிறவர் அழுதாலும் சரி, கத்தினாலும் சரி, என்ன நடந்தது, எங்கே நடந்தது என்ற இரண்டையும் அவரிடமிருந்து வாங்கிவிட வேண்டும். அக்காவுக்கு அது கைவந்த கலை. பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே மறந்துபோனவர்களிடம், எதிரில் என்ன கடை இருக்கிறது, பக்கத்தில் என்ன கட்டடம் இருக்கிறது என்று பேச்சுக் கொடுத்தே இடத்தைப் பிடித்துவிடுவார்.

அவருடைய கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வீட்டில் தான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் காதில் வாங்காதவள், ஊரில் எவன் முனகினாலும் கேட்டுவிடுகிறாள் என்று படிக்கட்டில் நின்று எங்களிடம் கேலி பேசுவார். அக்கா சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார். பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் ஒரே மகள், இருவருக்கும் பொதுவாகத் தலையில் அடித்துக்கொள்வாள். அந்த வீடு அப்படித்தான் இருந்தது.

மையத்தின் கூடத்தை நீட்டிக் கட்டிப் புதிதாகச் சில மேசைகள் போட்டபோதுதான் வினை ஆரம்பித்தது. சுவரோரம், ஜன்னலை ஒட்டிய மேசையை, அனுபவசாலி என்று அக்காவுக்கு ஒதுக்கினார்கள். நல்ல வெளிச்சம். அக்காவுக்கும் சந்தோஷம்தான். உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே ஹெட்ஃபோனில் ஓர் இரைச்சல் வர ஆரம்பித்தது. காய்ந்த வாணலியில் தண்ணீர் தெளித்தது போல 'சர்ர்' என்று தொடங்கும். அதற்கு அடியில் வண்டு சுற்றுவது போல ஒரு ரீங்காரம். சிறிது நேரம் இருக்கும், பிறகு யாரோ கையால் துடைத்ததுபோலப் போய்விடும்.

முதலில் ஹெட்ஃபோன்தான் பழுது என்று நினைத்து, பக்கத்து மேசைக்காரியுடையதை வாங்கி மாட்டிப் பார்த்தார். இரைச்சல் இருந்தது. தன்னுடையதை அவளிடம் கொடுத்தார். அங்கே சுத்தமாக இருந்தது. அப்படியானால் ஹெட்ஃபோனில் கோளாறு இல்லை என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார். அந்த அம்மாள் கணினி பழுது பார்க்கும் ஆளை வரவழைத்தார்.

அந்த மனிதர் அக்காவைவிட மூத்தவர். நாலைந்து அலுவலகங்களின் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறவர், எப்போதும் அடுத்த இடத்துக்குப் போகும் அவசரத்திலேயே இருப்பார். செருகும் முனையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். முன்பக்கத் துளையிலிருந்து எடுத்துப் பின்பக்கத் துளையில் செருகினார். ஒலிக்கான மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். செல்போன் பக்கத்தில் இருந்தாலும் இப்படிச் சத்தம் வரும் என்று சொல்லி, அக்காவின் போனைப் பைக்குள் போட்டுப் பையை அலமாரியில் வைக்கச் சொன்னார். இத்தனையும் செய்து முடித்து ஹெட்ஃபோனைத் தன் காதில் வைத்தபோது ஒரு சத்தமும் இல்லை. அவர் படியிறங்கிப் போன பிறகு, மத்தியானம் மறுபடி 'சர்ர்'.

இது பலமுறை நடந்தது. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் காணாமல் போகும் பல்வலி மாதிரி, அவர் வரும்போதெல்லாம் இரைச்சல் ஒளிந்துகொண்டது. கடைசியில் அவரும் சலித்துப்போய், பழுது எதுவும் இல்லை என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அக்கா புகார் சொன்னால் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேறு வழியில்லாமல் அக்கா தானே ஒரு வழி கண்டுபிடித்தார். இரைச்சல் வரும்போது முகவரியை இன்னொரு தடவை சொல்லச் சொல்வது. சொன்னதைத் தானும் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது. வேலை நடந்தது, ஆனால் அவருடைய அழைப்புகள் மற்றவர்களுடையதைவிட நீண்டன. கூடத்தில் அவருக்கு 'இன்னொருதடவை' என்றே பெயர் விழுந்தது. 'இன்னொருதடவை வந்தாச்சா', 'இன்னொருதடவை சாப்பிடப் போயாச்சா' என்று காது கேட்கவே பேசினார்கள். அக்கா அதையும் சிரித்தே சமாளித்தார். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. வரிசையில் மற்றவர்கள் காத்திருக்கும்போது ஒரே ஆளோடு இப்படி இழுத்துக்கொண்டிருந்தால் எப்படி என்று ஒரு காலையில் எல்லார் முன்னாலும் கேட்டார். இத்தனை வருட அனுபவம் இருந்து என்ன புண்ணியம் என்றும் சொன்னார். அக்காவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம்தான் அந்த அழைப்பு வந்தது.

ஓர் ஆண் குரல். மனைவிக்கு நெஞ்சுவலி, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்துவிட்டது, மூச்சு வாங்குகிறது என்றார். இடத்தைக் கேட்டார் அக்கா. அந்த நேரம் பார்த்து இரைச்சல் பிடித்துக்கொண்டது. பழைய சாலைத் தெரு, சாவிக் கடை மாடி என்று அக்காவின் காதில் விழுந்தது. கூப்பிட்டவர் மறுபடியும் சொன்னார். மறுபடியும் பழைய சாலைத் தெரு என்றே கேட்டது. திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. காலையில் வாங்கிய பேச்சு நினைவுக்கு வந்தது. வண்டி கிளம்பிவிட்டது, தைரியமாக இருங்கள் என்று சொல்லி அழைப்பை முடித்தார்.

கூப்பிட்டவர் உண்மையில் சொன்னது பழைய ஆலைத் தெரு. அந்த 'சர்ர்' ஆலைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு சாலை ஆகிவிட்டது. இரண்டு தெருவும் ஊரின் இரண்டு கோடி. கூப்பிடுகிறவர் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் வசதி அந்த மையத்துக்கு அப்போது வந்திருக்கவில்லை. ஓட்டுநர் சாலைத் தெருவில் சாவிக் கடையைத் தேடி மேலும் கீழும் அலைந்தார். ஆலைத் தெருவில் அந்த மனிதர் வாசலுக்கும் மாடிக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் இரண்டாவது முறை கூப்பிட்டபோது வேறொரு மேசையில் எடுத்தார்கள், வேறொரு வண்டி போனது. அது போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவியின் உயிர் போயிருந்தது.

விசாரணைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். மையத்தின் தலைவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மேற்பார்வையாளர். அழைப்பின் பதிவை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அக்கா பயந்தபடிதான் போயிருந்தார், ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. பதிவில் அந்த இரைச்சல் இருக்கும், இத்தனை நாள் தான் பட்ட பாட்டை எல்லாரும் கேட்பார்கள் என்று. பதிவு ஓடியது. இரைச்சலே இல்லை. அந்த மனிதரின் குரல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக வந்தது. பழைய ஆலைத் தெரு. இரண்டு தடவையும் ஆலைத் தெரு.

"எங்க எல்லாருக்கும் கேக்குது. உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்காம போச்சு?" என்றார் தலைவர்.

தான் கேட்டது வேறு என்று அவருக்குத் தெரியும். ஆனால் கேட்டதற்குச் சாட்சி அவருடைய காதுகள் மட்டும்தான், அந்தக் காதுகளையே இப்போது நம்ப முடியவில்லை. அவரை அழைப்பு மேசையிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்தில் இருக்கும் பொருள் அறைக்கு மாற்றினார்கள். மேல் முடிவு பிறகு என்றார்கள்.

வீட்டில் மகள்தான் காதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லிக் கூட்டிப் போனாள். காதில் கோளாறு இருக்க வேண்டுமே என்று அக்கா வேண்டிக்கொண்டு போனாராம். உலகத்தில் யாரும் அப்படி வேண்டியிருக்க மாட்டார்கள். சோதித்த டாக்டர், இந்த வயதுக்கு இவ்வளவு நல்ல காதுகளைப் பார்ப்பது அபூர்வம் என்று பாராட்டி அனுப்பினார். அன்று மாலை படிக்கட்டில் அவருடைய கணவரைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் கேலி வரும் மனிதர், வெறுமனே தலையை அசைத்துவிட்டுப் போனார். அக்கா வீட்டில் சமைத்தார், துவைத்தார், ஆனால் யாராவது எதையாவது சொன்னால் ஒரு கணம் அவர்களுடைய வாயையே உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார், பிறகு கூட்டச் சொல்வார். தனக்குப் புத்தி கலங்குகிறதோ என்று மகளிடம் ஒருநாள் கேட்டிருக்கிறார்.

அந்தச் சுவரோர மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். வந்த வேகத்தில் அவளும் இரைச்சல் என்று புகார் சொன்னாள். பழுது பார்ப்பவர் மறுபடி வந்தார். அவர் ஹெட்ஃபோனைக் காதில் வைத்திருக்கும்போதே, இந்தத் தடவை, 'சர்ர்' என்று தொடங்கியது. திடுக்கிட்டு நிமிர்ந்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே இன்னொரு சத்தம் கேட்டது. கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றது, ஹெட்ஃபோனும் அடங்கியது. அவர் கீழே போய்க் காவலாளியிடம் சொல்லி மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு முறையும் இரைச்சல் வந்தது, போனது. நீண்ட வயர் ஒன்றை எதிர்ச் சுவரிலிருந்து இழுத்துவந்து அதில் கணினியைச் செருகினார். மோட்டார் ஓடியது, ஹெட்ஃபோனில் நிசப்தம். சுவரோரப் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தார். எர்த் வயர் எதிலும் மாட்டப்படாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கூடத்தை நீட்டியவர்கள் மோட்டாருக்குப் போகும் லைனிலிருந்தே கரன்ட் இழுத்து, எர்த்தை மாட்டாமல் மூடியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அவர் நேராகப் பொருள் அறைக்கு வந்தார். அக்கா பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தான் பார்த்ததையெல்லாம் சொன்னார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பதிவில் ஏன் இல்லை?

"பதிவுக்குப் போற வழி வேறம்மா," என்றார் அவர். "குரல் உள்ள வந்ததும் முதல்ல அங்க போய்ப் பதிவாயிடும். உங்க காதுக்கு வர்றது அதுக்கப்புறம். இந்த மேசையில, நீங்க ஹெட்ஃபோன் செருகுற துளைகிட்டதான் சத்தம் வந்து கலந்திருக்கு. உங்களைத் தவிர வேற யாருக்கும் கேட்டிருக்காது."

அக்கா அந்த இடத்திலேயே ஒரு பெட்டியின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். துக்கமா ஆறுதலா என்று அவருக்கே தெரியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். புத்தி கலங்கவில்லை என்பது நிச்சயமானது. அதே நிமிஷத்தில், தாங்க முடியாத இன்னொன்றும் நிச்சயமானது. ஓர் எர்த் வயர். அதற்காகப் போன உயிர்.

இருவருமாகத் தலைவரிடம் போனார்கள். போகும் வழியில் பழுது பார்ப்பவரின் நடை மெதுவானதை அக்கா கவனித்தார். தலைவரின் முன்னால் அவருடைய குரலும் மாறிவிட்டது. லேசான இரைச்சல்தான், பெரிதாகச் சொல்ல முடியாது, சரிசெய்துவிட்டேன் என்றார். பழுது எதுவும் இல்லை என்று முன்பு சொன்னவரும் அவர்தானே. இந்த அலுவலகம் கைவிட்டுப் போனால் மற்றவையும் போகும். தலைவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இரைச்சல் இருந்திருக்கலாம். நான் இல்லைங்கல. ஆனா சரியா கேக்கலைன்னா நீங்க திருப்பிக் கேட்டிருக்கலாமே?"

அக்கா, தலைவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளரைப் பார்த்தார். அந்த அம்மாள் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் முடிந்தது, இதை வெளியாட்கள் யாரிடமும் பேசக் கூடாது, பேசினால் வேலை இருக்காது என்று தலைவர் சொன்னார். அடுத்த வாரம் எல்லா மேசைகளுக்கும் யூஎஸ்பியில் செருகும் புது ஹெட்ஃபோன்கள் வந்தன. அவற்றில் இந்தச் சத்தம் ஏறாதாம். பெட்டி பெட்டியாக அவற்றைப் பிரித்து மேலே அனுப்பியது பொருள் அறையில் இருந்த அக்காதான்.

பேசாமல் இருந்திருக்கலாம். சம்பளம் குறையாமல் வந்துகொண்டிருந்தது. கணவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியை இழந்த அந்த மனிதரைப் பார்த்து, வேண்டுமென்று செய்யவில்லை, இப்படி ஓர் இரைச்சல் இருந்தது என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். ஒரு விடுமுறை நாளில், காலையில் கிளம்பிப் பழைய ஆலைத் தெருவுக்குப் போனார்.

சாவிக் கடை ஓர் ஆள் உட்காரும் அகலம்தான். அந்த மனிதர் இயந்திரத்தில் சாவி ஒன்றை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, மாதிரிச் சாவி கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"சாவிக்கு வரல. அன்னிக்கு உங்க போனை எடுத்தது நான்தான்," என்றார் அக்கா.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். திட்டுவார், கையை ஓங்கக்கூடச் செய்வார் என்று அக்கா தயாராக நின்றார். அவர் பித்தளைத் தூள் படிந்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"நான் என்ன சொன்னேன்?"

அக்காவுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு போன்ல. தெருப் பேரு என்னன்னு சொன்னேன்?"

மையத்திலிருந்து அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: முகவரி தவறியதால் தாமதம் ஏற்பட்டுவிட்டது, வருந்துகிறோம். யார் தவறவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. பதற்றத்தில் தன் நாக்குதான் குழறிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருடைய மகளும் அப்படித்தான் நினைத்தாள். ஏன் அப்பா தப்பாகச் சொன்னீர்கள் என்று சாவு வீட்டிலேயே கேட்டவள், அதற்குப் பிறகு அவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். சொந்தத் தெருவின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றுகிறது என்றார் அவர்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது அக்கா வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார். மோட்டார், எர்த் வயர், பதிவு, மேற்பார்வையாளர். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஆலைத் தெருன்னுதான் சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க, தெளிவா சொன்னீங்க. பதிவுல இருக்கு, நானே கேட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் தப்பா கேட்டுச்சு."

அவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு, இதை என் மகளிடம் சொல்வீர்களா என்று கேட்டார். மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அக்காவின் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதிப் படிவரை இறங்கி நின்றாள். அக்கா அவளிடம் முழுவதையும் சொன்னார். இந்தத் தடவை இரைச்சலைப் பற்றியும் சொன்னார், எப்படி வந்தது என்றும் சொன்னார். அந்தப் பெண் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"சரியா கேக்கலைன்னா நீங்க ஏன் திருப்பிக் கேக்கல?"

தலைவர் கேட்ட அதே கேள்வி. அங்கே பதில் சொல்லாமல் நின்ற அக்கா இங்கே சொன்னார்.

"கேட்டிருக்கணும்மா. அன்னிக்குக் காலையில திட்டு வாங்கியிருந்தேன். மறுபடி திட்டு விழுமோன்னு கேக்காம விட்டுட்டேன்."

அந்தப் பெண் அக்காவைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். மிச்சப் படிகளையும் இறங்கி வந்து அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அக்காவுக்குச் சைகை காட்டினார். கோபமில்லை, ஆனால் போய்விடுங்கள் என்ற சைகை. அக்கா வந்துவிட்டார். மன்னித்தார்களா என்று பிறகு நான் கேட்டபோது, மன்னிப்புக் கேட்கவே மறந்துவிட்டேன் என்றார்.

விஷயம் மையத்துக்குத் தெரிய நாளாகவில்லை. அந்த மனிதர் வக்கீல் ஒருவரைப் பிடித்து வழக்குப் போட்டார், மறுநாளே அக்காவுக்கு வேலை போனது. கணவர் முதலில் குதித்தார். நாமே நம் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று அவர் கத்தியது கீழே என் வீடு வரை கேட்டது. ஆனால் அக்கா சாட்சி சொல்ல வேண்டிய அன்று, கணவரே பணிமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்.

மையத்தின் வக்கீல் எல்லாவற்றையும் அக்காவின் தலையில் கட்டப் பார்த்தார். அலுவலகம் நன்றாகத்தான் நடந்தது, ஒரு பணியாளரின் கவனக்குறைவுக்கு நிர்வாகம் என்ன செய்யும் என்றார். அக்கா தன் தப்பையும் சொன்னார், எர்த் வயரையும் சொன்னார். அதைப் பார்த்த ஒரே ஆளான பழுது பார்ப்பவர் கூண்டில் ஏறி, சரியாக ஞாபகம் இல்லை என்றார். இறங்கும்போது அக்கா நின்ற பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனார். அக்கா இப்போது ஒரு துணி வெளுக்கும் கடையில் துணி வாங்கிக் கொடுக்கும் இடத்தில் நிற்கிறார். பாதிச் சம்பளம்கூட இல்லை. மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போவதாக இருந்தது, உள்ளூரிலேயே சேர்ந்துவிட்டாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. தேதி மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நீதிமன்றத் தாழ்வாரத்தில் சாவிக் கடைக்காரரும் மகளும் ஒரு கோடியிலும் அக்கா இன்னொரு கோடியிலுமாக நிற்பார்கள். போன முறை நல்ல வெயில், கூட்டம் நெரிந்தது, அக்காவுக்குத் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சாவிக் கடைக்காரரின் மகள் பெஞ்சில் தன் பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார். நீதிபதி விடுப்பு, வேறு தேதி என்று ஆள் வந்து சொல்லும்வரை மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்களாம்.